லட்டு ஏன் ஆட்டைச் சுற்றி ஓடினாள்? 1873-ல் தொடங்கிய ஒரு கதை

இது கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வருடம் மார்ச் மாதம் எங்கள் வீட்டு நாய் கையிலிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு பக்கத்துப் பண்ணையின் செம்மறி மந்தைக்குள் ஓடிவிட்டது.

நான் வேலை பார்ப்பது வடக்கு வேல்ஸில். இந்த நாட்டில் மனிதர்களைவிட செம்மறிகள் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். மார்ச், ஏப்ரல் குட்டி போடும் பருவம். சினையாக இருக்கும் ஆட்டை ஒரு நாய் ரெண்டு நிமிடம் துரத்தினாலே போதும், கடிக்கவே வேண்டாம், கரு கலைந்துவிடும்.

லட்டு (மகள் வைத்த பெயர், நிறம் அப்படி) யாரையும் கடிக்கவில்லை. ஆனால் அந்தப் பண்ணைக்காரப் பெரியவர் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, சத்தம் போடாமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "டாக்டர், அடுத்த தடவை பார்த்தா சுட்டுடுவேன்."

சட்டம் அவர் பக்கம். நாய் கால்நடையைத் துரத்துவது 1953-லிருந்தே இங்கே குற்றம். வேறு வழியில்லை என்றால் மந்தையைக் காக்க நாயைச் சுட்டவருக்கு 1971-ன் சட்டம் பாதுகாப்பு தருகிறது.

எனக்கு அவமானம். அவமானம் வந்தால் நாம் என்ன செய்வோம்? வாதாடுவோம். "ஐயா, இவ கோலி. ஆடு மேய்க்கிற ஜாதி. துரத்தலை, மேய்க்கத்தான் பார்த்தா" என்றேன்.

பெரியவர் சிரித்துவிட்டார். "இவளோட பாட்டன் முப்பாட்டன் ஆட்டைப் பார்த்தே நூறு வருஷம் ஆகியிருக்கும்" என்றார்.

(கோலி என்றால் விராட் இல்லைங்க. பழைய லாஸ்ஸி படங்களில் வருமே, நீள மூக்கும் பிடரி மயிருமாக, அந்த நாய். என் மனைவியுடன் வேலை பார்த்தவர் வெளிநாடு போனபோது எங்களிடம் விட்டுவிட்டுப் போனது.)

அவர் கேட்டது நியாயமான கேள்விதானே? மேய்க்கும் குணம் என்று ஒன்று ரத்தத்தில் இருக்குமா? நூறு வருடம் சோபாவில் படுத்திருந்த வம்சத்திலும் அது மிச்சம் இருக்குமா? இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

விடையின் முதல் நுனி கிடைத்த இடம் வேடிக்கையானது. கால்நடை மருத்துவமனை.

லட்டுவுக்குப் பூச்சி மருந்து வாங்கப் போயிருந்தேன். இனம் கோலி என்றதும் அந்த மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எம்.டி.ஆர்.1 பரிசோதனை பண்ணியாச்சா?" என்று கேட்டார்.

ஐவர்மெக்டின் என்ற மருந்தை கோவிட் காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சண்டைக்குள் இப்போது போகவில்லை. 1981-ல் கால்நடை மருந்தாக வந்தது. பின்னர் மனிதர்களில் ஆற்றுக்குருடு நோயை விரட்டியது. 2015-ல் கேம்பெல், ஓமுரா இருவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்தது. ஆனால் வந்த சில வருடங்களிலேயே ஒரு விசயம் கவனத்துக்கு வந்தது. மற்ற நாய்கள் சாதாரணமாகத் தாங்கும் அளவிலேயே கோலி இன நாய்கள் தள்ளாடின, வலிப்பு வந்தன, கோமாவில் விழுந்தன.

காரணம் இதுதான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. அந்தத் தடுப்பில் பி-கிளைகோபுரதம் என்ற ஒரு பம்ப் வாட்ச்மேன் மாதிரி நின்றுகொண்டு, உள்ளே நுழையப் பார்க்கும் பல மருந்துகளைப் பிடித்து வெளியே தள்ளும். வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபெரமைடு, வேலை செய்யும் விதத்தில் அபினுக்கு உறவுக்கார மருந்து. அது நமக்கு மயக்கம் தராததற்குக் காரணம் இந்த வாட்ச்மேன்தான். பல கோலிகளுக்கு அவர் டியூட்டிக்கே வருவதில்லை. 2001-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேத்ரினா மீலியின் குழு கண்டுபிடித்தது: எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் வெறும் நான்கு எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. கோலிகளில் பத்துக்கு ஏழு நாய்கள் அந்தப் பழுதான மரபணுவை ஒரு பிரதியாவது சுமக்கின்றன.

அன்று இரவு டியூட்டியில் இதைப் படித்துக்கொண்டே போனபோது 2004-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை சிக்கியது. இதே பழுது மேலும் ஏழு இனங்களில் இருக்கிறதாம். எல்லாவற்றிலும் அந்த மரபணுவைச் சுற்றியுள்ள பகுதியும் ஒன்றேபோல் இருக்கிறது. அப்படியென்றால் இது ஒரே ஒரு நாயிடமிருந்து வந்த சொத்து. அந்த நாய் எங்கே, எப்போது வாழ்ந்தது என்றால், பிரிட்டனில், நாய் இனங்களைப் பதிவேடு போட்டுப் பிரிப்பதற்கு முன்னால். அந்தப் பிரிப்புக்குக் கட்டுரை போட்டிருக்கும் ஆண்டு, தோராயமாக, 1873.

1873. இதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணம், எங்கள் ஊரிலிருந்து கார் எடுத்தால் சீக்கிரமே போய்விடக்கூடிய பாலா என்ற சின்ன ஏரிக்கரை ஊருக்கும் அதே ஆண்டுதான் பெருமை.

அந்த ஆண்டில் ரெண்டு விசயங்கள் நடந்தன. ஏப்ரலில் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. நாயின் வம்சத்தை ஏட்டில் எழுதி, காது, வால், மயிர், முகம் பார்த்து மார்க் போடும் உலகத்துக்கு அதுதான் தலைமைச் செயலகம் ஆனது. அக்டோபர் 9-ம் தேதி பாலாவில், பிரிட்டனின் முதல் ஆட்டு நாய்ப் போட்டி என்று பதிவாகியிருப்பது நடந்தது. அங்கே நாயின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஆடு வந்து சேர்ந்ததா என்று மட்டும் பார்த்தார்கள்.

ஆறு மாத இடைவெளியில் ரெண்டு அளவுகோல்கள். லட்டு முதல் அளவுகோலின் பேத்தி. நான் அவளிடம் கேட்க நினைத்ததோ ரெண்டாவது அளவுகோலின் கேள்வி.

கதையைப் பின்னால் இருந்து ஆரம்பிக்கலாம்.

ஆட்டு நாயைப் பற்றி இங்கிலாந்தில் விளக்கமாக எழுதிய முன்னோடி யார் தெரியுமா? நம்ம ஆள். ஒரு டாக்டர். ஜான் கையஸ். ஆறாம் எட்வர்டு, மேரி, எலிசபெத் என்று மூன்று பேருக்கு அரண்மனை வைத்தியராக இருந்தவர். ஊரையே கொன்று போட்ட வியர்வைக் காய்ச்சல் பற்றி 1552-ல் புத்தகம் எழுதியவர். கேம்பிரிட்ஜில் அவர் பெயரில் இன்றும் கல்லூரி இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் கெஸ்னர் என்று இன்னொரு டாக்டர் விலங்குகளைப் பற்றிப் பெரிய தொகுப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்காக இங்கிலாந்து நாய்களைப் பற்றிக் கையஸ் எழுதியது 1570-ல் லத்தீனில் அச்சானது.

அதில் ஆட்டு நாயைப் பற்றி அவர் சொல்வது ரொம்பக் கூர்மை. இங்கிலாந்தில் ஓநாய் இல்லை, அதனால் இங்கே நாய் பெரிதாகவும் மூர்க்கமாகவும் இருக்கத் தேவையில்லை என்கிறார். மேய்ப்பர் நின்ற இடத்தில் நின்று குரல் கொடுத்தால், விசில் அடித்தால், நாய் போய் ஆட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறது. மற்ற நாடுகளில் மேய்ப்பருக்குப் பின்னால் ஆடு போகும், நம் நாட்டில் ஆட்டுக்குப் பின்னால் மேய்ப்பர் போகிறார் என்று ஒப்பீடும் செய்கிறார்.

இந்த ஓநாய்க் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓநாயோ திருடனோ வரும் ஊரில் நாயின் வேலை காவல். நம்ம ஊர் கிடை போடுகிறவர்களிடம் இருக்கும் நாய் அப்படித்தான். ராத்திரி யாராவது கிட்டே வந்தால் குரைக்கும், பாயும். ஆட்டை ஓட்டுவது மனிதர் வேலை. டார்வின் தன் கப்பல் பயணத்தில் இன்றைய உருகுவே பகுதியில் பார்த்ததும் காவல் நாய்கள்தான். குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்து, பெட்டை ஆட்டிடம் பால் குடிக்க வைத்து, மந்தைக்குள்ளேயே வளர்ப்பார்களாம். அந்த நாய்க்கு ஆடுதான் சொந்தக்காரன். ஓநாய் ஒழிந்த பிரிட்டனில்தான் வேறொரு வேலைக்கு இடம் கிடைத்தது. காவல் இல்லை, ஓட்டுவது.

அந்த வேலைக்கு என்ன விலை என்பது அடுத்த ரெண்டு நூற்றாண்டில் தெரிந்தது.

ஜேம்ஸ் ஹாக் என்று ஒருவர், 1770-ல் பிறந்தவர், ஸ்காட்லாந்தின் எட்ரிக் பள்ளத்தாக்கில் மேய்ப்பர். பள்ளிக்கூடம் போனது சில மாதம். பிற்காலத்தில் பெரிய எழுத்தாளர் ஆனார். ஒரு நாள் மாட்டு வியாபாரி ஒருவன் எலும்பும் தோலுமாக ஒரு நாயைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தார். அவன் மூன்று ஷில்லிங் கொடுத்து வாங்கியது. அந்த முகத்தில் ஏதோ ஒரு முரட்டுப் புத்திசாலித்தனம் தெரிந்தது என்று ஹாக் ஒரு கினி கொடுத்து வாங்கிவிட்டார். ஏழு மடங்கு விலை! நாய்க்கு வயது ஒன்றுகூட நிரம்பியிருக்காது. அதுவரை ஓர் ஆட்டைக்கூடத் திருப்பியதில்லை.

சிர்ரா என்று பெயர். வேலை இதுதான் என்று புரிந்த நொடியிலிருந்து அது காட்டிய ஆர்வத்தை மறக்கவே முடியாது என்று எழுதுகிறார். பிறகு ஒரு நாள் நள்ளிரவில், பால் மறக்கடித்த ஏறத்தாழ 700 குட்டிகள் மூன்று கூட்டமாகப் பிரிந்து மலையில் சிதறி ஓடிவிட்டன. கும்மிருட்டு. ஹாக்கும் துணை ஆளும் விடிய விடியத் தேடினார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விடிந்து பார்த்தால் ஒரு பள்ளத்தின் அடியில் சிர்ரா நிற்கிறது. அதன் முன்னால் மொத்த மந்தையும். ஒரு குட்டி குறையவில்லை.

கதை சொல்லியின் மிகை கொஞ்சம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், அவர் போடும் கணக்கில் மிகை இல்லை. மேய்ப்பனின் நாய் இல்லாவிட்டால் ஸ்காட்லாந்தின் மலை நிலம் காசு பெறாது. ஆடுகளைக் கட்டி மேய்க்க இத்தனை ஆட்கள் வேண்டும், அத்தனை பேருக்குச் சோறு போட அந்த ஆட்டின் வருமானம் பத்தாது என்கிறார்.

இந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். ஒரு மனிதரும் ரெண்டு நாயும் ஒரு மலையையே பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்த மலையில் ஏற்கெனவே குடியிருந்தவர்கள் எதற்கு? ஹைலாண்ட்ஸ் பகுதியின் நிலச்சுவான்தார்கள் அப்படித்தான் யோசித்தார்கள். தெற்கே எல்லைப் பகுதியிலிருந்து செவியட் செம்மறி வந்தது. அதோடு மேய்ப்பர்களும் நாய்களும் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த கேலிக் மொழி பேசும் குடியானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளின் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். அதை நடத்திய பேட்ரிக் செல்லர்தான் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஆட்டுப் பண்ணைக்காரரும். 1816-ல் வழக்கு நடந்தது. விடுதலை ஆகிவிட்டார். அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் இன்று கனடாவிலும் இருக்கிறார்கள்.

நாய் மேல் குற்றம் இல்லை. ஆனால் "ஆஹா, என்ன அறிவு" என்று நாம் வியக்கும் அந்தக் குணம் வளர்ந்த காலத்தில் இதுவும் நடந்தது.

இப்போது பாலாவுக்கு வருவோம்.

போட்டியை நடத்தியவர் ரிவ்லாஸ் எஸ்டேட்டின் ரிச்சர்ட் ஜான் லாயிட் பிரைஸ். வித்தியாசமான மனிதர். பென்டிகோ என்ற பந்தயக் குதிரை மேல் பணம் கட்டி ஜெயித்து, அந்தக் காசில் குடும்பக் கல்லறை கட்டி, குதிரைக்கு நன்றி சொல்லிக் கல்வெட்டும் வைத்தவர். பக்கத்து ஃபிரோன்கோக்கில் விஸ்கி ஆலை ஆரம்பித்து நஷ்டப்பட்டார். அந்தக் கட்டடம்தான் 1916-ல் அயர்லாந்துக் கிளர்ச்சிக்காரர்களை அடைத்த முகாம் ஆனது. மைக்கேல் காலின்ஸ் இருந்த இடம். சரி, கதை எங்கோ போகுது.

ஏறக்குறைய 300 பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பத்து நாய்கள். வேல்ஸ் மண்ணில், வேல்ஸ் ஆடு, வேல்ஸ் கூட்டம். ஜெயித்தது யார் என்றால் ஜேம்ஸ் தாம்சன் என்ற, வேல்ஸில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரரும் அவரது ட்வீட் என்ற நாயும். கூட்டத்தின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள்.

இந்தப் போட்டிகளில் இன்றும் பார்ப்பது ஏறத்தாழ அதே விசயங்கள்தான். நாய் தூரத்து ஆடுகளை நோக்கி நேராக ஓடாமல் பெரிய வளைவாகப் போகணும். பின்னால் போய் நின்று, பதறவிடாமல் மெதுவாகக் கிளப்பணும். மேய்ப்பரிடம் கொண்டுவரணும். சொன்னால் அவரைவிட்டு அந்தப் பக்கமும் ஓட்டணும். கடைசியில் பட்டிக்குள் அடைக்கணும்.

அந்த முதல் வளைவைப் பாருங்கள். மந்தையை நோக்கி ஓடாமல் மந்தையைச் சுற்றி ஓடுவது. இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே குட்டி நாய்கள் செய்கின்றன என்பதை 1859-ல் டார்வின் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், உள்ளுணர்வு பற்றிய அத்தியாயத்தில், உதாரணமாக எடுத்து வைத்திருக்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். ஆட்டு நாய்க் குடும்பத்தில் ஒரு தடவை கிரேஹவுண்ட் கலந்துவிட்டால் அந்தக் குடும்பமே முயல் வேட்டைக்குக் கிளம்பிவிடும்.

அந்த முயலில்தான் ரகசியம் இருக்கிறது. மேய்க்கும் குணம் என்று தனியாக ஒன்று இல்லை. அது வேட்டைதான்.

ஓநாயின் வேட்டையை ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். இரையின் பக்கம் திரும்புவது, கண் எடுக்காமல் முறைப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கடித்துப் பிடிப்பது, கொல்வது, கிழித்துத் தின்பது. ஒரு சங்கிலி. பார்டர் கோலியில் முறைப்பது, பதுங்குவது, துரத்துவது மூன்றும் பெரிதாக்கப்பட்டுள்ளன. அதற்குப் பின் வருவது அமுக்கப்பட்டுள்ளது. மாட்டை ஓட்டிய கார்கி போன்ற குட்டைக்கால் நாய்களில் கடியும் கொஞ்சம் விடப்பட்டுள்ளது, மாட்டின் குதிகாலுக்காக. காவல் நாயில் மொத்தச் சங்கிலியும் தூங்குகிறது.

2022-ல் 'செல்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு 4,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை அலசியது. ஆட்டு நாய்களின் வம்சத்தில் தனித்துத் தெரிந்தவை, மூளை வளரும்போது நரம்பிழைகள் எந்தப் பக்கம் போய் எங்கே இணைய வேண்டும் என்று வழிகாட்டும் மரபணுக்கள். அதாவது வயரிங். மேய்ப்பர்கள் நூற்றுக்கணக்கான வருடங்களாக, நன்றாக வேலை செய்த நாயிடம் குட்டி எடுத்து, செய்யாததை ஒதுக்கி, தெரியாமலே மூளையின் வயரிங்கைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் திருத்தத்தின் உச்சம் 1893 செப்டம்பரில் பிறந்தது. நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் ரெண்டு நாய்கள். ராய் ஆண், எல்லோரிடமும் பழகும், முறைக்கும் கண் அவ்வளவாகக் கிடையாது. மெக் பெண், கூச்ச சுபாவம், கண் மட்டும் அபாரம். ரெண்டுக்கும் பிறந்தது ஹெம்ப். குரைக்காது, கடிக்காது, குனிந்து ஒரு பார்வை பார்த்தால் ஆடு நகரும். 1901-ல் செத்துப்போவதற்குள் 200-க்கும் மேற்பட்ட குட்டிகளுக்குத் தகப்பன். இன்றைய பார்டர் கோலி எதை எடுத்தாலும் வம்சாவளி அங்கே போய்த்தான் நிற்கும். 1906-ல் பன்னாட்டு ஆட்டு நாய்ச் சங்கம் பிறந்தது (இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேர்ந்தாலே அவர்களுக்குப் பன்னாடு!). எந்த ஏட்டிலும் இல்லாத நாயையும் வேலையில் தேறினால் பதிவு செய்யும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது.

மற்ற பக்கம் என்ன ஆனது? விக்டோரியா ராணி பால்மோரலில் கோலிகளைப் பார்த்து ஆசைப்பட்டு வளர்த்தார். ராணி வளர்த்தால் சீமாட்டிகள் சும்மா இருப்பார்களா? மயிர் நீண்டது, மூக்கு நீண்டது, விலை ஏறியது. 1940-ல் எரிக் நைட்டின் நாவல், 1943-ல் லாஸ்ஸி படம். உலகத்துக்கே பிடித்த நாய். ஆடு மட்டும் அதன் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது.

ஆட்டுக்காரர்களுக்கு இந்தப் பயம் என்றும் உண்டு. 1976-ல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் பார்டர் கோலியை ஏற்றபோது ஓர் ஏற்பாடு வந்தது. அழகுப் போட்டியில் எத்தனை வென்றாலும் காட்சிச் சாம்பியன்தான்; முழுச் சாம்பியன் ஆகணும்னா ஆட்டுக்கு முன்னால் வேலைத் தேர்வும் தேறணும். 1995-ல் அமெரிக்கக் கென்னல் கிளப் அதே இனத்தை ஏற்றபோது அங்கே மேய்ப்பர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அழகுக்கு வளர்த்தால் சில தலைமுறையில் கண் போய்விடும் என்பது அவர்கள் வாதம்.

போய்விட்டதா இல்லையா என்று பார்க்கத்தான் உள்ளுணர்வுத் தேர்வு என்ற ஒன்று அமெரிக்காவில் 1980-களிலிருந்து பரவியது. வீட்டு நாய், ஆட்டையே பார்த்திராத நாய், ஆறு மாதம் தாண்டியிருந்தால் போதும். சின்ன வேலிக்குள் மூன்று முதல் ஐந்து ஆடுகள், நாய்களுக்குப் பழகியவை. நாய்க்கு நீளக் கயிறு. உள்ளே கோலுடன் தேர்வாளர். பத்து நிமிட வேலை. சுற்றி ஓடுகிறதா, நேரே பாய்கிறதா, சேர்க்கிறதா, பிரிக்கிறதா, குரைக்கிறதா, கண் வைக்கிறதா, கூப்பிட்டால் காது கொடுக்கிறதா என்று தாளில் குறிப்பார்கள். ராட்வைலரும் வரலாம், ஜெர்மனியின் ராட்வைல் ஊர் கசாப்புக்காரர்களுக்கு மாடு ஓட்டிய வம்சம்தானே அது.

பச்சிளம் குழந்தையைத் தூக்கிப் பிடித்துப் பாதத்தை மேசையில் படவைத்தால் அது நடப்பதுபோல் காலை மாற்றி மாற்றி வைக்கும். பிரசவ வார்டில் நாங்கள் தினமும் பார்ப்பது. அப்பா அம்மாவுக்குப் பெருமை தாங்காது. ஆனால் குழந்தை நடக்கிறது என்று அர்த்தமில்லை. ரெண்டு மாதத்தில் அது மறைந்துவிடும். நடை பிறகு வேறு வழியில் வரும். வயரிங் இருக்கிறதா என்பதற்கு மட்டுமே அது சான்று. இந்தத் தேர்வும் அப்படித்தான் என்பதைப் புரிந்துகொண்டுதான் போனேன். போனபோது புரிந்த மாதிரி இருந்தது என்று சொல்வதே சரி.

செப்டம்பரில் ஒரு பண்ணைக்குப் போனோம். நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். முதலில் ஒரு படிவம். கோலி என்றதும் எம்.டி.ஆர்.1 முடிவைக் கேட்டார். லட்டுவுக்குப் பழுது ஒரு பிரதி. ரெண்டும் பழுதானவை அளவுக்கு ஆபத்து இல்லை, ஆனால் ஜாக்கிரதை.

கயிற்றோடு உள்ளே போன லட்டு முதல் நான்கு நிமிடம் என்ன செய்தாள் தெரியுமா? தலையைக் குனிந்து ஆட்டுப் புழுக்கை தின்றாள். மகள் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு வேறு கவலை. ஐவர்மெக்டின் கொடுத்த ஆட்டின் புழுக்கையில் மருந்து போதுமான அளவு வெளியேறும்; அதைத் தின்றே கோலிகளுக்கு விஷம் ஏறியிருக்கிறது. ஆட்டு நாய்க்கு ஆட்டு மருந்தே எமன். நான் வேலியைத் தாண்டப் போனேன். அந்த அம்மா கையைக் காட்டினார்: "இந்த மந்தைக்கு அது குடுக்கறதில்ல டாக்டர். அதுக்குத்தான் படிவம்."

அப்போது ஓர் ஆடு கூட்டத்திலிருந்து விலகி மூலைக்கு நடந்தது.

லட்டு தலையைத் தூக்கினாள். அவ்வளவுதான். நேராகப் போகவில்லை. வேலியோரமாக இடது பக்கம் வளைந்து, ஆட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, குரைத்தாள். ஆடு திரும்பிக் கூட்டத்துக்கு வந்தது. அந்த அம்மா இந்தப் பக்கம் நகர, இவள் அந்தப் பக்கம் நகர்ந்தாள். ஆடுகள் நடுவில். ஹெம்ப் மாதிரி குனியவில்லை, முறைக்கவில்லை. நிமிர்ந்து, வாலை ஆட்டி, வாய் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டு. ஆனால் சுற்றினாள். வலம், இடம், மறுபடி வலம். நான்கு வருடம் என் சோபாவில் படுத்திருந்த அதே நாய்.

என் கண்ணில் தண்ணி வந்தது என்பதை மகள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், அதனால் மறைக்க முடியாது.

வெளியே வந்ததும் பண்ணைக்காரப் பெரியவர் கதையைச் சொல்லி, "பார்த்தீங்களா, மேய்க்கத்தான் போயிருக்கா" என்றேன். ஜெயித்த திமிர்.

அந்த அம்மா கோலை வேலியில் சாய்த்துவிட்டு, இங்கே இருப்பது ஐந்து பழகிய ஆடு, கயிறு, நான் என்றார். அங்கே இருப்பது இருநூறு சினை ஆடு, யாரும் இல்லை. சுற்றத் தெரிந்த நாய், நிறுத்தத் தெரியாத நாய் என்றால் ஆட்டை மூலையில் அடைத்துவிட்டு, அது மூச்சு வாங்கிச் சாகும் வரை சுற்றும். ஒன்றும் தெரியாத நாயாவது ரெண்டு நிமிடத்தில் சலித்து வீட்டுக்குப் போகும். "அவர் சொன்னது சரி. இப்ப முன்னைவிடச் சரி" என்றார்.

தாளில் ஆர்வம் உண்டு, சுற்றுகிறாள், குரைக்கிறாள், கண் இல்லை, சொல் கேட்பது சுமார் என்று இருந்தது. கடைசி வரியில் கையால் எழுதியிருந்தார், ஆடு தெரியும் இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது என்று.

திரும்பும் வழியில் பெரியவர் வீட்டில் வண்டியை நிறுத்தி அந்தத் தாளைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்து ரெண்டு தட்டு தட்டினார். பிறகு காருக்குப் பக்கத்தில் வந்து, ஜன்னல் வழியாக லட்டுவின் காதைத் தடவிக்கொண்டே கேட்டார்: "எந்தப் பக்கம் முதல்ல ஓடினா, இடமா வலமா?"